தானாக நகரும் அம்பு

மடிக்கணினித் திரையில் அம்புக்குறி தானாக நகர ஆரம்பித்தால், நம் வீடுகளில் முதலில் எழும் சந்தேகம் யாரோ உள்ளே புகுந்துவிட்டார்கள் என்பதுதான். அடுத்தது வைரஸ். மூன்றாவது, சிரித்துக்கொண்டே சொன்னாலும், பேய். எங்கள் தெருவில் ஒரு பாட்டி பேரனின் கணினிக்கு விபூதியே பூசிவிட்டார். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

தண்ணீர்மலை அடிவாரத்தில், கோயில் மணியோசை கேட்கும் தூரத்தில் எங்கள் வீடு. பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணு ஆலையின் சோதனைப் பிரிவில் நீண்ட காலம் வேலை பார்த்தவன் என்பதால், ஓய்வுபெற்ற பிறகு அக்கம்பக்கத்தில் எது கெட்டாலும் அது என் வாசலுக்கு வந்துவிடும். ரைஸ் குக்கர், மேசைக் காற்றாடி, கைப்பேசி, மடிக்கணினி எல்லாம் வரும். காசு வாங்குவதில்லை. கோப்பி கொடுத்தால் குடிப்பேன்.

சோதனைப் பிரிவில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் மிக எளிமையானது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. மாற்றியதை எழுதி வை. அம்பு ஓடுகிறது என்றால், யாரோ தன்னைத் தள்ளுவதாகக் கணினி நம்புகிறது என்று பொருள். அப்படி நம்புவதற்கு அதற்கு ஒரு காரணம் கிடைத்திருக்கிறது. அந்தக் காரணம் விரலிலிருந்து வந்ததா, மௌஸிலிருந்து வந்ததா, மின்சாரத்திலிருந்து வந்ததா, பேட்டரியிலிருந்து வந்ததா என்று ஒவ்வொன்றாக விலக்கிப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் காசு செலவாகாது. ஆனால் இவற்றில் ஒன்று மட்டும் விளையாட்டான விஷயமல்ல. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கையை எடுத்தால் நிற்கும்

ஒரு தைப்பூசத்துக்குச் சில நாள் முன்பு, தண்ணீர்ப்பந்தல் கணக்கு எழுதும் ஓர் அண்ணன் பழைய மடிக்கணினி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். அலுவலகம் ஒன்றில் கழித்துப் போட்டதைக் குறைந்த விலைக்கு வாங்கியிருந்தார். நன்கொடைப் பட்டியலைத் தட்டிக்கொண்டிருக்கும்போதே அம்பு வலது மேல் மூலைக்கு நழுவுகிறது. இழுத்துக்கொண்டு வந்தால் மறுபடி நழுவுகிறது. ஒருவர் கொடுத்த 200 வெள்ளி, அடுத்த வரியில் இருந்தவர் பெயரில் ஏறிவிட்டது. பொதுப்பணத்தில் அது சின்ன விஷயமில்லை. "பார்க்குறவங்க என்னைத்தானே கேப்பாங்க தம்பி?" என்றார்.

அந்தக் கணினியின் விசைப்பலகையில் ஜி, எச், பி எழுத்துகளுக்கு நடுவில் ஒரு சிவப்புக் குமிழ் இருந்தது. ஐ.பி.எம். நிறுவனத்தில் டெட் செல்கர் என்ற ஆய்வாளர் உருவாக்கியது. 1992இல் திங்க்பேட் மடிக்கணினிகளில் வந்தது. கையை விசைகளிலிருந்து எடுக்காமலேயே ஒரு விரலால் அம்பை நகர்த்தலாம் என்பது அதன் வசதி. அந்தக் குமிழ் நகர்வதில்லை. விரல் எந்தப் பக்கம், எவ்வளவு அழுத்துகிறது என்பதை அடியிலுள்ள உணரி அளக்கிறது, அவ்வளவுதான்.

லிட்டில் இந்தியாவின் நகைக்கடைத் தராசை நினைத்துக்கொள்ளுங்கள். தட்டு காலியாக இருக்கும்போது அது பூஜ்ஜியம் காட்ட வேண்டும். தட்டில் விரலை வைத்தபடியே பூஜ்ஜியப் பொத்தானை அழுத்தினால் என்ன ஆகும்? விரலின் எடையையே தராசு பூஜ்ஜியம் என்று எடுத்துக்கொள்ளும். விரலை எடுத்ததும், ஒன்றுமில்லாத தட்டுக்கு மைனஸ் கணக்குக் காட்டும்.

இந்தக் குமிழும் அப்படித்தான். கணினி சூடேறும்போது உணரியின் அளவு கொஞ்சம் மாறும் என்பதால், அது அவ்வப்போது தன் பூஜ்ஜியத்தைத் தானே திருத்திக்கொள்ளும். சில விநாடிகள் ஒரே மாதிரி லேசான அழுத்தம் இருந்தால், அதையே 'யாரும் தொடாத நிலை' என்று எண்ணிவிடும். விரலை எடுத்ததும் அம்பு எதிர்ப்பக்கம் ஓடும். ஓடும் அம்பைப் பிடிக்க நாம் மறுபடி அழுத்துவோம். அது திருத்திக்கொள்ள முயலும்போதெல்லாம் நம் விரல் குறுக்கே நிற்கும்.

"அண்ணே, கையை எடுத்து மடியில வைங்க. பத்து எண்ணுங்க" என்றேன். ஆறு எண்ணுவதற்குள் அம்பு நின்றுவிட்டது. அண்ணன் என்னையும் கணினியையும் மாறி மாறிப் பார்த்தார்.

குமிழின் ரப்பர் தொப்பி தேய்ந்து பக்கத்து விசையில் உரசினாலும் இதே தொல்லை வரும். தொப்பி தனியாகக் கிடைக்கும், மாற்றிவிடலாம். குமிழே வேண்டாம் என்றால் அமைப்புகளில் அதை நிறுத்திவிட்டு மௌஸ் வைத்துக்கொள்ளலாம். அண்ணன் அப்படித்தான் செய்தார்.

விபூதியும் மௌஸும்

பாட்டி கதைக்கு வருகிறேன். பேரனின் கணினியில் அம்பு சாதாரணமாகக் கொஞ்சம் நடுங்கிக்கொண்டிருந்தது. பாட்டி விபூதி பூசிய பிறகு நடுக்கம் அதிகமாகிவிட்டது. பையன் பயந்துபோய்த் தூக்கிக்கொண்டு வந்தான்.

ஒளியில் இயங்கும் மௌஸின் அடியில் ஒரு குட்டிக் கேமரா இருக்கிறது. அது மேசைப் பரப்பை ஒரு விநாடிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட முறை படமெடுத்து, ஒரு படத்தை அடுத்த படத்துடன் ஒப்பிட்டு, 'இந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறோம்' என்று முடிவு செய்கிறது. அந்தத் துவாரத்தில் ஒரு முடியோ பஞ்சோ தூசியோ ஆடினால், மேசையே நகர்வதாக அது நினைத்துவிடும். கண்ணாடி மேசையிலும் குழம்பும், ஏனென்றால் படமெடுக்க அங்கே பிடிப்பு எதுவும் இல்லை. காது குடையும் பஞ்சால் துவாரத்தைத் துடைத்தேன். அடியில் ஒரு பழைய நாட்காட்டித் தாளை விரித்தேன். நடுக்கம் போய்விட்டது. விபூதியைப் பையன் நெற்றிக்கே வைத்துக்கொள்ளட்டும் என்று பாட்டியிடம் சொல்லி அனுப்பினேன்.

அந்தக் குட்டிக் கேமரா நம் தீவுக்கு அந்நியமானதல்ல. 1972இல் பாயான் லெப்பாஸ் தடையற்ற வாணிப வட்டாரம் உருவானபோது, இன்டெல் தன் முதல் வெளிநாட்டு ஆலையை அங்கே அமைத்தது. அதே ஆண்டு ஹியூலெட் பேக்கார்ட் நிறுவனமும் வந்தது. அதன் சில்லுப் பிரிவு பின்னர் அஜிலென்ட் ஆகி, 2005இல் அவாகோ ஆயிற்று. உலகம் முழுக்க மேசைகளில் ஓடிய மௌஸ் உணரிகளில் பினாங்குப் பொறியாளர்களின் உழைப்பும் இருக்கிறது. நம் வீட்டுப் பிள்ளைகளும் அண்ணன் தம்பிகளும் அந்த ஆலைகளுக்கு மூன்று ஷிப்டிலும் பஸ் ஏறிப் போனவர்கள். கணினிக்குள் நடப்பதை மாயம் என்று நாமே சொல்வது எனக்குக் கொஞ்சம் வருத்தமாக இருக்கும்.

சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள்

மடிக்கணினியின் டச்பேடுக்குள் நகரும் பாகம் எதுவும் இல்லை. மேற்பரப்புக்குக் கீழே கண்ணுக்குத் தெரியாத கம்பி வலைப்பின்னல் ஒன்று. அதில் மிகச் சிறிய அளவில் மின்னூட்டம் இருக்கும். நம் விரல் மின்சாரத்தைக் கடத்துவது. பக்கத்தில் வந்தாலே அந்த அளவு மாறும். அந்த மாற்றத்தைத்தான் கணினி 'விரல்' என்று படிக்கிறது.

அதனால் ஈரமும் அதற்கு விரல் மாதிரிதான். நம் ஊர்க் காற்றில் ஆண்டு முழுக்க ஈரம். உள்ளங்கை வியர்க்கும். சாப்பிட்டுக் கைகழுவி, சரியாகத் துடைக்காமல் உட்காருவோம். கைக்குப் பூசும் கிரீமும் பகோடா எண்ணெயும் சேரும். கணினியை அணைத்துவிட்டு, லேசாக நனைத்த மென்துணியால் டச்பேடைத் துடைத்து, உலர விடுங்கள். பாதிப் புகார் அங்கேயே தீரும். திறக்கும்போது உள்ளங்கையை டச்பேடின் மேல் வைக்காமலும் இருங்கள். தராசுக் கதை இதற்கும் பொருந்தும்.

துடைத்தும் சரியாகவில்லை என்றால் சார்ஜரைக் கழற்றுங்கள். கழற்றியதும் அம்பு அமைதியாகி, செருகியதும் ஆட்டம் போட்டால், கோளாறு சார்ஜர் பக்கம்.

பக்கத்து வீட்டுத் தம்பி வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர். இணையத்தில் மலிவாக ஒரு சார்ஜர் வாங்கியிருந்தார். இரண்டு கால் பிளக். நம் நாட்டுச் சுவர்த் துளைகளில் மேலே இருக்கும் துளைதான் எர்த். பிளக்கின் நீளமான எர்த் கால் அதில் நுழையும்போதுதான் கீழிரண்டு துளைகளின் கதவு உள்ளே திறக்கும். குழந்தைகள் கம்பியை விடாமலிருக்க அப்படி வைத்திருக்கிறார்கள். தம்பி என்ன செய்தார்? நம்மில் பலர் செய்வதைத்தான். மேல் துளையில் பேனாவை விட்டுக் குத்தி, கதவைத் திறந்து, இரண்டு காலைச் செருகிவிட்டார்.

"மடிக்கணினியைத் தடவினா சிலுசிலுன்னு ஒரு மாதிரி இருக்குண்ணே" என்று அவராகவே சொன்னார். மின் இரைச்சலை வடிகட்ட சார்ஜருக்குள் ஒரு சின்னக் கொண்மம் வைத்திருப்பார்கள். எர்த் இல்லாத சார்ஜரில், அதன் வழியாக மிக மிகச் சிறிய மின்னோட்டம் கணினியின் உலோக உடம்புக்கு வரும். நல்ல சார்ஜராக இருந்தால் அதனால் ஆபத்து இல்லை. ஆனால் விரலின் நுண்ணிய மாற்றத்தை அளக்கும் டச்பேடுக்கு அது பெரிய இரைச்சல். எர்த் இருந்தால் அந்த மின்னோட்டம் பூமிக்குப் போய்விடும். மலிவுச் சார்ஜரில் உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது என்பதுதான் கவலை.

கணினியைத் தயாரித்த நிறுவனத்தின் சார்ஜரையே வாங்கச் சொன்னேன். சிரிம் முத்திரை இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். மூன்று கால் பிளக்கிலும் சிலவற்றில் எர்த் கால் வெறும் பிளாஸ்டிக்காக இருக்கும் என்பதையும் காட்டினேன். புதுச் சார்ஜர் வந்ததும் அம்பு நின்றது. சிலுசிலுப்பும் நின்றது. பேனா சட்டைப் பைக்குத் திரும்பியது.

மேசையில் ஆடிய மடிக்கணினி

இனி, விளையாட்டில்லாத விஷயம்.

ஆயர் ஈத்தாமில் இருக்கும் என் அக்காவின் மகள் பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு படித்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் மாலை அக்காவும் அவளும் கிராப் பிடித்து வந்துவிட்டார்கள். அம்பு ஓடுகிறது, தானாகவே கிளிக் ஆகிறது, தட்டிய பத்தி தானாகத் தேர்வாகி அழிந்தும் போகிறது. மறுநாள் காலை 9 மணிக்கு ஆய்வறிக்கை அனுப்ப வேண்டும். டவுனில் ஒரு கடையில் ஏற்கெனவே காட்டியிருக்கிறார்கள். விண்டோஸைப் புதிதாக ஏற்றி 80 வெள்ளி வாங்கியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்த மறுநாளே பழைய கதை.

டச்பேடை அழுத்திப் பார்த்தேன். ஏற்கெனவே பாதி அழுந்திய மாதிரி கெட்டியாக இருந்தது. மூடி, சாப்பாட்டு மேசையில் வைத்தேன். ஒரு மூலையைத் தொட்டதும் மறு மூலை தூக்கியது. நான்கு காலும் தரையில் படாத நாற்காலி போல் ஆடியது. திறந்து, உள்ளங்கை வைக்கும் இடத்தில் ஓர் இரும்பு அளவுகோலைக் குறுக்காக வைத்தேன். நடுவில் மேடு. இரண்டு ஓரத்திலும் வெளிச்சம் தெரிந்தது.

பேட்டரி உப்பியிருக்கிறது.

இன்றைய மெல்லிய மடிக்கணினிகளில் பேட்டரி பெரும்பாலும் உள்ளங்கைக்கும் டச்பேடுக்கும் நேர் கீழே இருக்கும். லித்தியம் பேட்டரி வயதாகும்போது, அதிலும் எப்போதும் முழுச் சார்ஜிலும் சூட்டிலும் கிடக்கும்போது, உள்ளே இருக்கும் வேதிப்பொருள் சிதைந்து வாயுவாகும். வாயு வெளியேற வழியில்லாததால் உறை உப்பும். உப்பிய உறை டச்பேடைக் கீழிருந்து தள்ளும். அதை விரல் என்றும் கிளிக் என்றும் கணினி படிக்கும். எத்தனை முறை விண்டோஸை மாற்றினாலும் அந்தத் தள்ளல் போகாது. மேலும் அழுத்தினாலோ, வளைத்தாலோ, கூர்மையான எதுவும் பட்டாலோ தீப்பிடிக்கலாம்.

"இன்னைக்கு ராத்திரி மட்டும் மாமா. காலையில அனுப்பிட்டு நிறுத்திடுறேன்" என்றாள் அவள்.

"ஒரு ராத்திரிதானே தம்பி? மூணு மாசமா கண்ணு முழிச்சு எழுதியிருக்கா" என்றார் அக்கா.

அறிக்கையின் கடைசி இரண்டு அத்தியாயங்கள் அந்தக் கணினியில் மட்டும்தான் இருந்தன. அவள் கண் கலங்கியிருந்தது எனக்கும் தெரிந்தது. ஆனால் அன்றிரவு அவள் அதைச் சார்ஜில் போட்டுக்கொண்டு, வழக்கம்போல் மெத்தையில் உட்கார்ந்துதான் எழுதியிருப்பாள். பக்கத்தில் பாட்டியும் தம்பியும் படுத்திருப்பார்கள். மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். கணினியை முழுவதுமாக அணைத்து, சார்ஜரைக் கழற்றி, பின்கட்டுச் சிமெண்டுத் தரையில் வைத்தேன். மேலே எதையும் வைக்கவில்லை. அக்கா சிறிது நேரம் என்னோடு பேசவில்லை.

என் பழைய ஆலை நண்பர் ஒருவர் வீட்டிலேயே பழுதுபார்ப்பவர். இரவு எட்டரைக்கு வந்தார். அடிமூடியைத் திறந்ததும் அக்கா "ஐயோ" என்றார். மூன்று வெள்ளிநிற உறைகளும் எண்ணெயிலிருந்து எடுத்த பூரி மாதிரி உப்பியிருந்தன. நண்பர் உலோகக் கருவியைத் தொடாமல், பிளாஸ்டிக் பட்டையால் மெல்ல மெல்லப் பசையை விடுவித்து, பேட்டரியை எடுத்து வெளியில் உலர்ந்த மணல் வாளிக்குள் வைத்தார். பிறகு கோப்புகள் இருந்த சேமிப்பு அட்டையை மட்டும் கழற்றி, ஒரு சிறு உறையில் போட்டு, அக்காவின் அலுவலகக் கணினியில் செருகினார். இரண்டு அத்தியாயமும் இருந்தன. பிள்ளை எங்கள் வீட்டு மேசையிலேயே உட்கார்ந்து விடியற்காலை மூன்று மணிக்கு அனுப்பி முடித்தாள். அக்கா எங்கள் எல்லாருக்கும் மைலோ கலக்கிக் கொடுத்தார்.

பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் போடவில்லை. குப்பை லாரியில் நசுங்கினால் அங்கேயும் தீப்பிடிக்கும். நம் நாட்டில் மின்கழிவு, 2005ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி எஸ்.டபிள்யூ. 110 என்ற எண்ணில் வரும் அட்டவணைக் கழிவு. மாநகர் மன்றத்திடம் கேட்டால் எங்கே ஒப்படைப்பது என்று சொல்வார்கள். புதுப் பேட்டரி போட்ட அந்தக் கணினியைத்தான் அவள் இப்போது வேலைக்கும் எடுத்துப் போகிறாள். பல கணினிகளில் சார்ஜை 80 விழுக்காட்டோடு நிறுத்தும் வசதி இருக்கிறது. அதைப் போட்டுக் கொடுத்தேன்.

உண்மையிலேயே யாராவது இருந்தால்?

அந்தப் பயத்தை நான் கேலி செய்யவில்லை. மோசடிச் செய்திகளைப் பார்க்கும் யாருக்கும் அது வரும். வித்தியாசம் நடையில் தெரியும். கோளாறால் நகரும் அம்புக்கு நோக்கம் இருக்காது. ஒரே பக்கமாக ஊரும், மூலையில் போய் முட்டும், நடுங்கும், குதிக்கும். ஆள் நகர்த்தும் அம்பு பொத்தானைத் தேடிப் போகும், சாளரத்தைத் திறக்கும், எழுத்தைத் தட்டும். அப்படிப் பார்த்தால் உடனே இணையத்தைத் துண்டித்துவிடுங்கள். வேறு கைப்பேசியிலிருந்து உங்கள் வங்கியை அழையுங்கள். பணம் போயிருந்தால் தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் எண் 997.

மற்றபடி வரிசை இதுதான். கையை எடுத்துப் பத்து எண்ணுங்கள். மௌஸைக் கழற்றிப் பாருங்கள். டச்பேடைத் துடைத்து உலர விடுங்கள். சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். தொடுதிரை இருந்தால், விரிசலோ ஈரமோ இருக்கிறதா என்று பாருங்கள். அதற்கும் பிறகுதான் மென்பொருள்: அண்மையில் ஏதாவது புதுப்பிப்பு ஏறியிருந்தால் டச்பேடின் டிரைவரைப் பழையதற்கு மாற்றலாம், அமைப்புகளில் அதன் உணர்திறனைக் குறைக்கலாம்.

ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. அம்பு ஓடினாலும் ஓடாவிட்டாலும், வீட்டில் எத்தனை மடிக்கணினி இருக்கிறதோ அத்தனையையும் எடுங்கள். பள்ளிப் பிள்ளைகளுடையதும், அலமாரியில் ஆண்டுக்கணக்காகக் கிடப்பதும் இதில் சேர்த்தி. ஒவ்வொன்றாக மூடி, சமமான மேசையில் வைத்து, நான்கு மூலையையும் மெல்லத் தொட்டுப் பாருங்கள். ஆடினால், இன்றிரவு அதைச் சார்ஜில் போடாதீர்கள்.